இளம் கூடைப்பந்து நட்சத்திரம் எவ்வளவு தூரம் போவார்? நான்கு அளவுகோல்கள், எதை எப்போது நம்புவது

சீசன் தொடங்கி இருபது ஆட்டம் முடிவதற்குள் அந்தச் சண்டை வந்துவிடும். பத்தொன்பது, இருபது வயது வீரர் ஒருவர் ஒரே ராத்திரியில் 35 புள்ளி எடுத்திருப்பார். இவர்தான் அடுத்த பத்து வருடத்துக்கு அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவை ஆளப்போகிறார் என்று ஒரு கூட்டம் சொல்லும், இப்படி எத்தனை பேரைப் பார்த்தாயிற்று, பொறுங்கள் என்று இன்னொரு கூட்டம் சொல்லும். கூர்ந்து கவனித்தால் ஆளுக்கு ஒரு அளவுகோல் இருக்கும். ஒருவர் புள்ளிவிவரத்தை எடுத்துப் போடுவார், ஒருவர் வீடியோவைக் காட்டுவார், ஒருவர் உயரத்தையும் கை நீளத்தையும் சொல்வார், இன்னொருவர் பழைய ஜாம்பவான் ஒருவர் பெயரைச் சொல்லி அப்படியே அவர் மாதிரி என்பார்.

இந்த நான்கில் எதை நம்புவது என்று குழம்பி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் பல வருடம் இந்த நான்குக்கும் நடுவே தாவிக்கொண்டிருந்தவன்தான். இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்: ஒரு இளம் வீரர் இன்று எந்த உயரத்தில் நிற்கிறார் என்பதைவிட, போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் நடுவே எவ்வளவு மாறியிருக்கிறார் என்பதுதான் அவர் எதிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது. எந்த அளவுகோலை எடுத்தாலும் இந்த ஒரு கேள்வியை அதனிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடப் போகிறோம்

முதல் கேள்வி, இந்த அளவுகோல் சொல்வது இன்றைய ஆட்டத்தையா, இருபத்தாறு வயதில் ஆடப்போகும் ஆட்டத்தையா? இரண்டும் ஒன்று என்று நினைத்தால் அங்கேயே தவறு தொடங்கிவிடும். இரண்டாவது, நம்பும்படியான பதில் கிடைக்க எத்தனை ஆட்டம் காத்திருக்க வேண்டும்? மூன்றாவது, எங்கே ஏமாற்றும்? இதைத்தான் மறைமுகச் செலவு என்கிறேன், பலரும் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. கடைசியாக, நமக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும். அணி நிர்வாகத்தில் இருப்பவருக்கு அதுவே வேலை. நமக்கு வேலை முடிந்து வந்து பார்க்கும் இரண்டு மணி நேரம்தான்.

நான்குக்கும் அடியில் வயது என்று ஒன்று எப்போதும் இருக்கிறது. அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், 2006-லிருந்து, அந்த வருடம் முடிவதற்குள் பத்தொன்பது வயது ஆகாதவர் என்பிஏவுக்குள் வர முடியாது. அதனால் ஒரே வருடத்தில் வரும் புதியவர்களில் பத்தொன்பது வயதுக்காரரும் இருப்பார், நான்கு வருடம் கல்லூரியில் ஆடிவிட்டு வரும் இருபத்திரண்டு வயதுக்காரரும் இருப்பார். இருவரும் 15 புள்ளி எடுத்தால் அது ஒரே 15 இல்லை. இருபத்திரண்டு வயதுக்காரர் ஏறவேண்டிய படிகளில் பாதியை ஏற்கெனவே ஏறிவிட்டார்.

## ஒன்று: புள்ளிவிவரம்

மலிவானது, உடனே கிடைப்பது, பார்த்தவுடன் புரிவது. ஏமாற்றுவதிலும் இதுதான் முதல் இடம்.

2009-10 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்ரமென்டோ அணிக்கு வந்த டைரீக் எவன்ஸ் முதல் வருடத்திலேயே ஆட்டத்துக்குச் சராசரி 20.1 புள்ளி, 5.3 ரீபவுண்ட் (தவறிய வீச்சைப் பிடிப்பது), 5.8 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கக் கொடுக்கும் பாஸ்). முதல் சீசனில் 20-5-5 தொட்டவர்கள் என்று அவருக்கு முன் மூன்று பெயர்தான் இருந்தது: ஆஸ்கர் ராபர்ட்சன், மைக்கேல் ஜோர்டன், லெப்ரான் ஜேம்ஸ். அந்த வரிசையில் நான்காவதாக ஒருவர் பெயர் ஏறினால் யார்தான் மயங்க மாட்டார்கள்? சிறந்த புதுமுக விருதும் அவருக்கே போனது. அதே வருடம் கோல்டன் ஸ்டேட்டில் அறிமுகமான ஸ்டீஃபன் கர்ரி 17.5 புள்ளி, 5.9 அசிஸ்ட். விருதில் இரண்டாம் இடம்.

வயதைச் சேர்த்தாலும் எவன்ஸ்தான் மேலே தெரிவார், அவர் கர்ரியைவிட ஒன்றரை வருடம் இளையவர். மொத்த எண்ணை மட்டும் பார்த்த யாரும் அன்று எவன்ஸைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே தாளில் இரண்டு வரி கீழே வேறு கதை இருந்தது. எவன்ஸின் மூன்று புள்ளி வீச்சு (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடுவது) 25.5 சதவீதம், கர்ரியுடையது 43.7. எவன்ஸ் புள்ளி எடுத்த விதம் ஒன்றே ஒன்று: பலத்தாலும் வேகத்தாலும் முட்டி உள்ளே போவது. அடுத்தடுத்த வருடங்களில் அவர் சராசரி 17.8, 16.5, 15.2 என்று இறங்கியது. அந்த 20.1-ஐ அவர் மறுபடி எந்த சீசனிலும் தாண்டவில்லை, அந்த வருடத்தின் சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டம் ஒன்றிலும் ஆடவில்லை. கர்ரி 2015, 2016 இரண்டு வருடமும் எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த வீரர்.

இன்னொரு ஏமாற்று, மோசமான அணியில் கிடைக்கும் எண்கள். மைக்கேல் கார்ட்டர் வில்லியம்ஸ் 2013 அக்டோபரில் ஆடிய முதல் என்பிஏ ஆட்டமே நடப்புச் சாம்பியன் மயாமிக்கு எதிராக. 22 புள்ளி, 12 அசிஸ்ட், 9 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), 7 ரீபவுண்ட், ஃபிலடெல்பியாவுக்கு வெற்றி. அந்த சீசன் முடிவில் 16.7 புள்ளி, 6.2 ரீபவுண்ட், 6.3 அசிஸ்ட் சராசரியோடு புதுமுக விருதும் வாங்கினார். அணியோ 63 ஆட்டம் தோற்றது, அதில் 26 தோல்வி தொடர்ச்சியாக. படுவேகமாக ஆடும் அணி, பந்தைக் கையில் வைத்திருக்க வேறு ஆளில்லை, எண் ஏறத்தான் செய்யும். அடுத்த சீசன் முடிவதற்குள், 2015 பிப்ரவரியில், அந்த அணியே அவரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டது. விருது வாங்கிய வீரரைத் தினமும் பயிற்சியில் பார்த்தவர்கள் எடுத்த முடிவு அது.

அப்படியானால் எண்களே வேண்டாமா? வேண்டும், ஆனால் புள்ளி சராசரியைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்காகக் கிடைக்கும் வீச்சின் சதவீதம். யாரும் மறிக்காமல், ஒரே தூரத்தில், ஒரே மூச்சில் வீசுவது, கையில் இயல்பாகவே வீச்சு இருக்கிறதா என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். கெவின் டுரான்ட் முதல் வருடத்தில் மூன்று புள்ளி வீச்சில் 28.8 சதவீதம்தான், ஃப்ரீ த்ரோவில் 87.3. வெளியிலிருந்து வீசும் திறமை பின்னால் வரும் என்று அந்த இரண்டாவது எண் அப்போதே சொல்லிவிட்டது. கவாய் லெனர்டும் இந்த வகைதான். கல்லூரியில் மூன்று புள்ளி முப்பது சதவீதத்துக்கும் கீழே, ஆனால் ஃப்ரீ த்ரோ இரண்டாம் வருடம் 76-ஐ ஒட்டி.

மூன்று புள்ளி சதவீதத்தைச் சீக்கிரம் நம்பக்கூடாது என்பதற்குச் சின்ன கணக்கு ஒன்று. உண்மையில் 35 சதவீதம் போடக்கூடிய ஒருவர் நூறு முறை வீசினால், அதிர்ஷ்டம் மட்டுமே அவரை 30-லும் காட்டும் 40-லும் காட்டும். நூறு வீச்சு என்பது நிறைய வீசும் ஒரு இளைஞருக்கு இருபது ஆட்டம். நவம்பரில் 40 சதவீதம் என்று கொண்டாடுவதும் 30 என்று கைகழுவுவதும் பெரும்பாலும் காற்றை அளக்கும் வேலை.

## இரண்டு: கண்ணால் பார்ப்பது

நேரம் அதிகம் கேட்பது இதுதான், ஆனால் எண்ணுக்குள் வராத விஷயமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. ஹைலைட்ஸைச் சொல்லவில்லை. அதில் உள்ளே விழுந்த பந்து மட்டும்தான் இருக்கும். முழு ஆட்டம் பார்க்க வேண்டும், அதுவும் பந்தை விட்டுவிட்டு அந்த ஒரு வீரரை மட்டும்.

எதைப் பார்ப்பது? நான் பார்ப்பது முதல் வழி அடைபட்ட பிறகு வரும் அரை நொடி. சக வீரர் ஒருவர் தடுப்பாளரை மறித்து வழிவிடும் பிக் அண்ட் ரோலில் வருகிறார், வலது பக்கம் போக நினைத்தார், அங்கே இரண்டு பேர் நிற்கிறார்கள். கண் எங்கே போகிறது? மூலையில் தனியாக நிற்கும் சக வீரரைத் தலை திரும்புவதற்கு முன்பே பார்த்துவிட்டாரா, இல்லை பந்தை இரண்டு முறை தரையில் தட்டி நின்றுவிட்டு அப்புறம் தேடுகிறாரா? போன மாதம் நின்று தேடியவர் இந்த மாதம் நிற்காமல் கொடுக்கிறார் என்றால் அதைத்தான் குறித்துவைக்க வேண்டும்.

நிகோலா யோகிச்சை 2014 டிராஃப்ட்டில் 41-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். ஓட்டத்திலோ குதிப்பதிலோ யாரையும் அசத்தியவர் இல்லை. முதல் சீசனில் 10.0 புள்ளி, 2.4 அசிஸ்ட். அந்த எண்களில் எம்விபி எங்கேயும் தெரியாது. ஆனால் பந்து கைக்கு வரும்போதே அடுத்து எங்கே போகவேண்டும் என்று தெரிந்துவைத்திருந்த ஆட்டம் முதல் வருடத்திலேயே இருந்தது. அசிஸ்ட் 4.9, 6.1, 7.3 என்று வருடா வருடம் ஏறியது. 2021, 2022, 2024 எம்விபி, 2023 சாம்பியன்.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரே ஒரு காட்சி. 2021 ஜூன் 20, ஃபிலடெல்பியாவும் அட்லான்டாவும் ஆடிய, தொடரை முடிவு செய்யும் ஏழாவது ஆட்டம், நான்காம் பகுதி, மூன்றரை நிமிடம் மிச்சம், இரண்டு புள்ளி பின்தங்கல். பின்தங்கிய ஃபிலடெல்பியாவின் பென் சிமன்ஸ் கூடைக்கு அடியில் சுழன்று திரும்புகிறார். அங்கே இருப்பது அவரைவிட மிகவும் குள்ளமான ட்ரே யங். கையை உயர்த்திப் போட்டால் முடிந்தது. போடவில்லை, பக்கத்தில் வந்த சக வீரருக்குக் கொடுத்துவிட்டார். அவரை ஃபவுல் செய்தார்கள், இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றுதான் விழுந்தது. அந்தக் காட்சியை நான் பலமுறை திரும்பப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நொடியில் திடீரென்று முளைத்த பயம் இல்லை அது. 2018-ல் புதுமுக விருது வாங்கிய வருடமே அவர் ஃப்ரீ த்ரோ 56 சதவீதம், வெளியிலிருந்து வீசுவதே இல்லை. 15.8 புள்ளி, 8.1 ரீபவுண்ட், 8.2 அசிஸ்ட் என்ற அழகான எண்கள் அதை மூடிக்கொண்டிருந்தன. மூன்று வருடம் கழித்தும் அந்த இடம் அப்படியே இருந்தது. அவர் ஆல் ஸ்டாராக மூன்று முறை தேர்வானவர், திறமையில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மாறவேண்டிய ஒன்று மாறவில்லை, அவ்வளவுதான்.

கண்ணுக்கும் செலவு உண்டு. பிடித்த ஆட்டக்காரரின் நல்லது மட்டும்தான் மனதில் தங்கும். ஆட்டம் அழகாக இருப்பவரைப் பெரியவராகவும், முரட்டுத்தனமாக ஆடுபவரைச் சின்னவராகவும் கண் எடைபோடும். ஒரு வீரரை முழுதாகப் பத்து ஆட்டமாவது பார்க்காமல், பார்த்தேன் என்று சொல்லி வாதாடுவது சரியில்லை.

## மூன்று: உடல்

டிராஃப்ட்டுக்கு முன்னால் வேறு எதுவும் கையில் இல்லாதபோது எல்லோரும் பிடித்துத் தொங்குவது இதைத்தான். அதில் நியாயமும் இருக்கிறது. உயரத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது, கை நீளத்தையும் கற்றுக்கொடுக்க முடியாது. டிரேமண்ட் கிரீன் உயரம் சுமார் 1.98 மீட்டர்தான், ஆனால் இரு கையையும் விரித்தால் 2.16. 2012-ல் 35-ஆவது ஆளாக வந்தவர், 2017-ல் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது வாங்கினார்.

யான்னிஸ் ஆன்டெடோகும்போ இன்னும் தெளிவான உதாரணம். கிரீஸில் இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த பதினெட்டு வயது ஒல்லிப் பையன், 2013-ல் 15-ஆவது தேர்வு. கை நீளத்தையும் அந்த உயரத்தில் பந்தைக் கையாண்ட விதத்தையும் பார்த்துத்தான் எடுத்தார்கள். முதல் ஐந்து சீசன் புள்ளி சராசரி: 6.8, 12.7, 16.9, 22.9, 26.9. இந்த வரிசையை நான் எத்தனை முறை பார்த்தாலும் சந்தோஷமாக இருக்கும். முதல் எண்ணைப் பார்த்துக் கைவிட்டிருந்தால் கடைசி எண்ணைப் பார்த்திருக்க மாட்டோம்.

செலவு எங்கே? பலத்தையும் வேகத்தையும் தனியாக அளந்து மதிப்பெண் போடும்போது. டுரான்ட் 2007 டிராஃப்ட் சோதனையில் 84 கிலோ எடையை ஒருமுறைகூடத் தூக்க முடியவில்லை. அவருக்கு முன்னால் முதல் ஆளாகப் போனவர் கிரெக் ஓடன், அந்த வயதிலேயே முழு ஆணின் கட்டுமஸ்தான உடம்பு. முழங்கால் கைவிட்டது. ஓடன் மொத்தம் ஆடியது 105 என்பிஏ ஆட்டம். உடலை அளப்பவர்கள் நீளத்தை அளக்கிறார்கள், எத்தனை வருடம் தாங்கும் என்பதை டேப் வைத்து அளக்க முடிவதில்லை. டெரிக் ரோஸ் இருபத்திரண்டு வயதில் எம்விபி ஆனவர், அதுவரை அதை வாங்கியவர்களில் அவர்தான் மிக இளையவர். அடுத்த வருடமே, 2012 ஏப்ரலில், முழங்கால் தசைநார் கிழிந்தது. அதற்குப் பிறகும் பல வருடம் ஆடினார், ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு மட்டும் திரும்பவே இல்லை.

## நான்கு: "அடுத்த ஜோர்டன்"

பேசுவதற்கு இதுதான் சுவாரஸ்யம், நம்புவதற்கு இதுதான் மோசம். ஹரால்ட் மைனரை 'பேபி ஜோர்டன்' என்றார்கள். பந்தைக் கூடைக்குள் கையால் அழுத்தும் டங்க் போட்டியில் 1993-லும் 1995-லும் ஜெயித்தார், நான்கே சீசனில் என்பிஏ வாழ்க்கை முடிந்தது. டர்க் நோவிட்ஸ்கி பெரிய வீரரான பிறகு உயரமான ஐரோப்பிய இளைஞர்களிடமெல்லாம் ஒரு நோவிட்ஸ்கியைத் தேடினார்கள். 2002-ல் ஐந்தாவது ஆளாக ஸ்கிடிஷ்விலி, 2003-ல் இரண்டாவது ஆளாக டார்கோ மிலிசிச். மிலிசிச்சுக்கு அடுத்து வந்த மூன்று பேர் ஆன்டனி, பாஷ், வேட். இதில் மனதை உறுத்துவது, அசல் நோவிட்ஸ்கியே முதல் சீசனில் 8.2 புள்ளிதான் எடுத்தார் என்பது.

ஒரு பெயரோடு ஒப்பிடாமல் ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்டால் இந்த அளவுகோலுக்கும் உயிர் வரும். இதே வயதில், இதே உயரத்தில், ஏறக்குறைய இதே வீச்சுத் திறமையோடு இருந்த பத்துப் பேரைத் தேடி எடுங்கள். ஜெயித்தவர்களை மட்டும் பொறுக்காமல் காணாமல் போனவர்களையும் சேர்த்து எழுதுங்கள். மேல் எல்லையும் கீழ் எல்லையும் ஓரளவு கண்ணுக்குத் தெரியும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | எப்போது பேசத் தொடங்கும் | எங்கே ஏமாற்றும் | எப்போது முன்னால் வைக்கலாம் |
|---|---|---|---|
| புள்ளிவிவரம் | ஒரு முழு சீசன், மூன்று புள்ளிக்கு அதைவிட அதிகம் | மோசமான அணி, பந்து முழுக்க ஒருவர் கையில் | இரண்டாம் சீசனிலிருந்து |
| கண் | பத்து முழு ஆட்டம் | பிடித்தவர் மேல் இருக்கும் பாசம் | முதல் சீசனின் முதல் பாதி |
| உடல் | முதல் நாளிலேயே | காயம், பலத்தை மட்டும் அளப்பது | டிராஃப்ட்டுக்கு முன் |
| பழைய வீரர் ஒப்பீடு | எப்போது வேண்டுமானாலும் | ஜெயித்தவர் பெயர் மட்டும் நினைவுக்கு வருவது | எல்லை வரைய மட்டும் |

## அப்படியானால் எதை எடுப்பது

டிராஃப்ட் நேரத்தில் யாரைப் பற்றியாவது கருத்துச் சொல்லவேண்டி வந்தால் உடலையும் ஃப்ரீ த்ரோவையும் வயதையும் பாருங்கள், மற்றதை விடுங்கள். ஐரோப்பாவில் பெரியவர்களோடு மோதி வந்தவர் என்றால் மட்டும் எண்களுக்கும் கூடுதல் எடை கொடுக்கலாம். லூகா டான்சிச் பத்தொன்பது வயதில் ஐரோப்பாவின் முதன்மைத் தொடரான யூரோலீக்கில் எம்விபி வாங்கிவிட்டு வந்தவர், வேகம் போதாது, குதிப்பு போதாது என்ற பேச்சில் 2018-ல் மூன்றாவது ஆளாக இறங்கினார். முதல் சீசனிலேயே 21.2 புள்ளி.

முதல் சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ணை நம்புங்கள். இரண்டாம் சீசனில் இரண்டு வருட எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மூன்றாம் சீசனிலும் அதே பலவீனம் அதே இடத்தில் நின்றால், எவ்வளவு பிடித்த வீரராக இருந்தாலும் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்குவதுதான் நேர்மை. அணி மாறினால் மட்டும் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள். ஷாய் கில்ஜஸ் அலெக்சாண்டர் 11-ஆவது தேர்வு, முதல் சீசனில் 10.8 புள்ளி, ஒக்லஹோமா சிட்டிக்குப் போன பிறகு பந்தை அவர் கையில் கொடுத்தார்கள், 2025-ல் எம்விபி. ஜேலன் பிரன்சனும் டான்சிச்சின் நிழலில் இருந்தவரைக்கும் யாரும் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. நியூயார்க் போனதும் அதே வீரர் 24 புள்ளி எடுத்தார்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பக்கம்: வயது, ஃப்ரீ த்ரோ, மூன்று புள்ளி முயற்சியும் சதவீதமும், அசிஸ்ட், டர்ன்ஓவர் (பந்தைப் பறிகொடுப்பது), அப்புறம் 'புதிதாக என்ன செய்தார்' என்று கையால் எழுத ஒரு வரி. வருடத்துக்கு இரண்டு முறை, பாதி சீசனில் ஒன்று, முடிவில் ஒன்று. அதற்கு மேல் நேரம் தேவைப்படவில்லை.

இந்த நோட்டில் நான் அதிக ஆசையோடு திருப்பும் பக்கம் விக்டர் வெம்பன்யாமாவுடையது. 2023-ல் முதல் தேர்வு, சான் அன்டோனியோ. முதல் சீசன் 21.4 புள்ளி, 3.6 ப்ளாக் (எதிரியின் வீச்சைத் தட்டித் தடுப்பது). இரண்டாம் சீசன் 24.3 புள்ளி, 3.8 ப்ளாக். நான் சந்தோஷப்பட்டது அதற்கு இரண்டு வரி கீழே. ஃப்ரீ த்ரோ 79.6-லிருந்து 83.6. மூன்று புள்ளி 32.5-லிருந்து 35.2, அதுவும் ஆட்டத்துக்கு 5.5 வீச்சிலிருந்து 8.8-க்கு ஏறியபோது. கூடுதலாக வீசும்போது பெரும்பாலும் சதவீதம் விழும், இவருக்கு ஏறியிருக்கிறது. அதுவும் 2.2 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள ஒருவருக்கு. எண், கண், உயரம், நீளம் எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுவது அபூர்வம்.

2025 பிப்ரவரியில் வலது தோளில் ரத்தம் உறைந்திருப்பது தெரிந்து மிச்ச சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். மற்றவர்கள் பக்கத்தில் முதல் கட்டத்தில் வயதைத்தான் எழுதுவேன். இவர் பக்கத்தில் அதை அடித்துவிட்டு ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையை எழுதியிருக்கிறேன்: முதல் சீசன் 71, இரண்டாவது 46.